ஐ.இ.பி. கூட்டத்துக்குப் போகும் பெற்றோருக்கு

வணக்கம். அமெரிக்காவில் படிக்கும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் அம்மா அப்பாக்களோடு இன்று பேச வந்திருக்கிறேன்.

டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டிவிட்டு வருவது நமக்குப் பழக்கம். அந்த மரியாதை நல்லதுதான். ஆனால் ஐ.இ.பி. கூட்டத்தில் அது பிள்ளைக்கு உதவாது. ஐ.இ.பி. என்பது உங்கள் பிள்ளைக்கென்றே ஆண்டுதோறும் எழுதப்படும் கல்வித் திட்டம். அதை எழுதும் குழுவில் பெற்றோரும் உறுப்பினர் என்கிறது சட்டம்.

இந்த உரிமை சும்மா வந்துவிடவில்லை. 1970-களின் தொடக்கத்தில் அங்கே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடக் கதவே திறக்கவில்லை. பென்சில்வேனியாவிலும் தலைநகர் வாஷிங்டனிலும் பெற்றோர்கள் நீதிமன்றம் போனார்கள், 1972-ல் வென்றார்கள். அதன் பிறகுதான் 1975-ல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. இப்போது ஐடியா (IDEA) என்று சுருக்கமாகச் சொல்வது அந்தச் சட்டத்தைத்தான். 3 வயதிலிருந்து 21 வயது வரை, தகுதியுள்ள பிள்ளைக்கு அரசுப் பள்ளி இலவசமாகவும் பொருத்தமாகவும் கல்வி தர வேண்டும்.

அந்தப் "பொருத்தமாக" எவ்வளவு தூரம் போகும்? இதற்கு 2017-ல் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. கொலராடோவில் எண்ட்ரூ என்று ஒரு பையன், ஆட்டிசம் உள்ளவன். வருஷா வருஷம் அவனுடைய திட்டத்தில் கிட்டத்தட்ட அதே இலக்குகளையே எழுதிக்கொண்டிருந்தார்கள். நான்காம் வகுப்புக்குப் பிறகு பெற்றோர் அவனைத் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டு வழக்குத் தொடர்ந்தார்கள். பெயருக்குக் கொஞ்சம் முன்னேற்றம் இருந்தால் போதும் என்ற வாதத்தை நீதிபதிகள் ஒருமனதாகத் தள்ளிவிட்டார்கள். அந்தப் பிள்ளையின் நிலைமைக்கு ஏற்ற முன்னேற்றம் கிடைக்கும்படி திட்டம் இருக்க வேண்டும் என்றார்கள். எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது. ஆகவே போன வருடத் திட்டத்தையும் இந்த வருடத் திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இலக்குகள் மாறவே இல்லையென்றால், ஏன் என்று கூட்டத்திலேயே கேளுங்கள்.

கேட்பதை எழுத்தில் கேளுங்கள். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பிள்ளையைப் பரிசோதித்து மதிப்பிட வேண்டுமா? தேதி போட்டு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டதிலிருந்து 60 நாளுக்குள் மதிப்பீட்டை முடிக்க வேண்டும் என்பது பொது விதி. மாநிலம் தனியாகக் கெடு வைத்திருந்தால் அது பொருந்தும். பள்ளி மறுத்தால், எதனால் மறுக்கிறது என்று எழுத்தில் தர வேண்டும். நடைபாதையில் நின்று "பார்க்கலாம்" என்று சொன்னதற்கு நாளைக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். வழக்கு என்று வந்தால், பெரும்பாலும் வழக்குத் தொடுத்தவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்போது உங்கள் கையில் இருக்கும் தாள்கள்தான் பேசும்.

அப்புறம், மொழி. வீட்டில் தமிழ் பேசுவதால்தான் பேச்சு தாமதமாகிறது, கொஞ்சம் காத்திருங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். இதைக் கேட்டாலே எனக்கு மனம் பொறுக்காது. காத்திருப்பதில் போவது பிள்ளையின் காலம் அல்லவா? சரியான தகவல் எந்த மொழியில் கிடைக்குமோ அந்த மொழியில், அறவே முடியாத நிலை இருந்தாலொழிய, மதிப்பிட வேண்டும். உங்களுக்குக் கூட்டத்தில் பேசுவது புரியவில்லையென்றால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வதும் பள்ளியின் கடமை. விசா என்ன, குடியுரிமை என்ன என்பதெல்லாம் இதில் குறுக்கே வராது.

பள்ளியின் மதிப்பீடு சரியில்லை என்று தோன்றினால், வெளியிலிருந்து ஒரு நிபுணரைக் கொண்டு பள்ளிச் செலவிலேயே மறுபடி மதிப்பிடச் சொல்லலாம். பள்ளி அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும், அல்லது தன் மதிப்பீடு சரிதான் என்று விசாரணையில் காட்ட வேண்டும்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்காதீர்கள். மத்திய அரசின் நிதியில் நடக்கும் பெற்றோர் பயிற்சி மையம் ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒன்றாவது இருக்கிறது. இலவசமாகவே வழி சொல்வார்கள். கூட்டத்துக்குத் தேதி குறித்ததுமே அவர்களைக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்.