உங்க ரெஸ்யூமே உங்களுக்குத் தெரியாம எங்கெல்லாம் போகுது?

வேலைக்கு வேண்டிய தகுதி, அனுபவம் எல்லாமே இருக்கு. ஆனா இன்டர்வியூவுக்குக் கூப்பிடவே இல்ல. ஏன்? ஒரே ரெஸ்யூமே ரெண்டு கன்சல்டன்சி (கம்பெனிகளுக்கு ஆள் தேடிக் கொடுக்கிறவங்க) வழியா அந்த கம்பெனிக்குப் போயிருக்கு. அதுல ஒருத்தர் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கவே இல்ல!

முதல்ல காசு விஷயத்தைச் சட்டுனு பாத்துடுவோம். கன்சல்டன்சிக்குப் பணம் கொடுக்கிறது ஆள் எடுக்கிற கம்பெனி. வேலை தேடுறவங்க தலையில கட்டணத்தைக் கட்டக்கூடாதுங்கிறது சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1997ல கொண்டுவந்த 181ஆம் உடன்படிக்கையோட பொது விதி, விதிவிலக்கு கொஞ்சம்தான். ‘ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்’னு யாராவது ஆரம்பிச்சா போனை வெச்சிடுங்க.

இப்போ முக்கியமான இடம். பெரும்பாலும் ஆள் வேலையில சேர்ந்தாத்தான் கன்சல்டன்சிக்குக் காசு. அதனால ஓட்டப்பந்தயம். ஜாப் போர்ட்டல்ல உங்க ரெஸ்யூமேவை எடுத்து, உங்களுக்குப் போன்கூடப் பண்ணாம ஒருத்தர் ஏத்திடுவாரு. கம்பெனி சிஸ்டம்ல தேதி, நேரம் பதிவாயிடும். பல ஒப்பந்தங்கள்ல, முதல்ல அனுப்பினவருக்கு 6 மாசமோ 12 மாசமோ உங்க மேல உரிமை, அதுக்குள்ள நீங்க சேர்ந்தா காசு அவருக்குத்தான்! ரெண்டு நாள் கழிச்சு, உங்ககிட்ட பொறுமையாப் பேசி, சம்மதம் வாங்கினவர் அனுப்புறாரு. சிஸ்டம் ‘டூப்ளிகேட்’னு காட்டும். ஹெச்ஆர் என்ன யோசிப்பாங்க? இவரை எடுத்தா ரெண்டு பில் வரும், தகராறு வரும். அதே தகுதியோட இன்னும் மூணு பேர் இருந்தா உங்க ஃபைலை ஓரமா வெச்சிடுவாங்க. யாரும் உங்களுக்குச் சொல்லவும் மாட்டாங்க. நேர்மையா வேலை செஞ்சவரும் தோத்துட்டாரு, நீங்களும் தோத்துட்டீங்க. எனக்குக் கோபம் வர்ற இடம் இதுதான்.

கன்சல்டன்சில ஆள் தேடுற ரெக்ரூட்டர் நண்பர்களே, இதைத் தடுக்க ஒரு மெயில் போதும். கம்பெனி பேரு, சரியான பதவி, பேசின சம்பளம், சம்மதம் எத்தனை நாளைக்குன்னு நாலும் எழுதி, ‘சம்மதம்’னு பதில் வாங்கிட்டு அப்புறம் அனுப்புங்க. “எந்த வேலைக்கு வேணாலும் அனுப்பிக்கோங்க”ன்னு பொதுவா வாங்கினது சம்மதமே இல்ல. இப்போ வேலை பாக்குற கம்பெனியோட கிளை நிறுவனத்துக்கே ரெஸ்யூமே போயிட்டா அவரோட பொழப்பு என்ன ஆகும்?

வேலை தேடுறவர் பேரை மறைச்சு அனுப்புறேன்னு சொல்ற ரெக்ரூட்டர்கள் இதைக் கவனிங்க. பேரு, போன் நம்பரை அழிச்சிருப்பீங்க. ஃபைல் பேரைப் பாத்தீங்களா? அதுல அவர் முழுப்பேரும் இருக்கும். அதை மாத்தினாலும் பிடிஎஃப்போட ‘ப்ராப்பர்ட்டீஸ்’ல ‘ஆத்தர்’னு அவர் பேரு உக்காந்திருக்கும்! லிங்க்ட்இன் லிங்க்கும் அப்படியே கிடக்கும். வெறும் எழுத்தை மட்டும் புது ஃபைலுக்கு மாத்தி அனுப்புறதுதான் பத்திரம்.

வேலை தேடுறவருக்கு இல்லாத ஸ்கில்லை ரெக்ரூட்டரே ரெஸ்யூமேல சேக்குறது சுத்தமான மோசடி. மாட்டிக்கிறது இன்டர்வியூல உக்காந்திருக்கிறவர்தான். அதனால வேலை தேடுறவங்க, அனுப்பின காப்பியைக் கேட்டு வாங்கிப் படிச்சுடுங்க.

ஏற்கனவே ரெண்டு பக்கமும் போயிடுச்சா? யார் மூலமா விண்ணப்பிக்கிறீங்கன்னு முடிவு பண்ணுங்க. சம்மதம் கொடுத்த தேதியோட ஹெச்ஆருக்கு மெயில் போடுங்க. கேக்காம அனுப்பினவருக்கு, “என் அனுமதி இல்லாம அனுப்பினதைத் திரும்ப எடுங்க, என் விவரத்தை அழிச்சிடுங்க”ன்னு எழுதி, ஹெச்ஆரையும் காப்பில வையுங்க. அன்னைக்கே செய்யுங்க, ஷார்ட்லிஸ்ட் முடிஞ்சப்புறம் அந்த மெயிலை யாரும் திறக்க மாட்டாங்க.