பாவம் எத்தனை டிகிரி?

நடுவர் அவர்களே, எதிரணியினரே, எங்கள் அணிக்கு மட்டும் கைதட்டப் போகும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம். நன்மை தீமையை அறிய அறிவியல் உதவுமா என்பது தலைப்பு. உதவும் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

வரிசையாக நான்கு வாதம் எழுதி வைத்திருந்தேன். எதிரணித் தலைவர் பேசிய பேச்சில் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டேன். அவர் என்ன கேட்டார்? "இவர்கள் தெர்மாமீட்டரை வைத்துப் பாவம் எத்தனை டிகிரி என்று பார்ப்பார்களா?" நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். உண்மையைச் சொன்னால் நானும் சிரித்தேன்.

ஐயா, பாவம் செய்தவனுக்குக் காய்ச்சல் வராது. அவன் நன்றாகத்தான் இருப்பான். காய்ச்சல் வருவது அடுத்தவருக்கு! எப்படி என்று சொல்கிறேன்.

வியன்னா நகரத்துப் பெரிய மருத்துவமனை. அங்கே இரண்டு பிரசவப் பிரிவுகள். முதல் பிரிவில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாவதில் மருத்துவச்சிகள். படித்தவர்கள் இருக்கும் இடத்துக்குத்தானே கூட்டம் போக வேண்டும்? அதுதான் இல்லை. நிறைமாதக் கர்ப்பிணிகள் மண்டியிட்டு, "என்னை இரண்டாவது பிரிவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கெஞ்சினார்கள். ஏன்? 1846-இல் மருத்துவர்களின் பிரிவில் நூற்றுக்குப் பதினோரு தாய்மார்கள் செத்துப்போனார்கள். மருத்துவச்சிகளின் பிரிவில் மூன்றுகூட இல்லை. பிரசவக் காய்ச்சல், ஐயா. நீங்கள் கேட்ட அதே காய்ச்சல்.

செம்மல்வெய்ஸ் என்று ஓர் இளம் மருத்துவர். அவருக்குத் தூக்கம் போயிற்று. ஒரே கட்டடம், ஒரே ஊர்க் காற்று, ஒரு பக்கம் மட்டும் ஏன் இத்தனை சாவு? ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அதில் ஒன்றைக் கேளுங்கள். இறக்கும் பெண்ணுக்குக் கடைசிச் சடங்கு செய்யப் பாதிரியார் வருவார். அவருக்கு முன்னால் ஓர் ஆள் மணி அடித்துக்கொண்டே முதல் பிரிவு வழியாக நடப்பார். அந்த மணிச் சத்தம் கேட்டுப் பயந்துதான் மற்றப் பெண்கள் சாகிறார்களாம்! நடுவர் அடிக்கும் மணிக்கே எனக்குக் கைகால் நடுங்குகிறது, அதனால் அந்தக் காரணத்தை நான் கேலி செய்யமாட்டேன். செம்மல்வெய்ஸும் கேலி செய்யவில்லை. சோதித்துப் பார்த்தார். பாதிரியாரை வேறு வழியாக, மணி இல்லாமல் வரச் சொன்னார். பாதிரியார் சத்தமில்லாமல் வந்தார். சாவும் சத்தமில்லாமல் வந்தது.

அப்புறம் 1847. அவருடைய நண்பரான ஒரு பேராசிரியருக்குப் பிரேதப் பரிசோதனையின்போது மாணவன் கையிலிருந்த கத்தி பட்டுவிட்டது. சில நாளில் இறந்தார், அதே அறிகுறிகளோடு. செம்மல்வெய்ஸுக்குப் பொறி தட்டியது. முதல் பிரிவு மருத்துவர்கள் காலையில் எங்கே இருக்கிறார்கள்? பிணவறையில். அங்கிருந்து நேராக எங்கே வருகிறார்கள்? பிரசவ அறைக்கு. அதே கையோடு! மருத்துவச்சிகளுக்குப் பிணவறை வேலை கிடையாது. "குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கையைக் கழுவிவிட்டு உள்ளே வாருங்கள்" என்றார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு ஜூலையில் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

இப்போது எதிரணிக்கு ஒரு கேள்வி. அந்த மருத்துவர்கள் கெட்டவர்களா? இல்லவே இல்லை. உயிரைக் காக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மனசாட்சி இருந்தது. படுத்தால் தூக்கமும் வந்தது. மனசாட்சி மட்டும் போதும் என்கிறீர்களே, அத்தனை மனசாட்சிகளில் ஒன்றாவது "கையைக் கழுவு" என்று சொல்லியதா? செய்கிற தவறு தவறு என்றே தெரியாதவனுக்கு அதைக் காட்டிக் கொடுத்தது இறந்தவர் கணக்கு. எத்தனை பேர் கோபப்பட்டார்கள் தெரியுமா? எங்கள் கையைப் பார்த்தா இப்படிச் சொல்கிறாய் என்று!

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் நிறையப் படித்தவர். டேவிட் ஹியூம் என்ற தத்துவ அறிஞர் 1740-லேயே சொல்லிவிட்டார், உலகம் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அது எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு கட்ட முடியாது என்றார். சரி, ஹியூமோடு எனக்குச் சண்டை இல்லை. தாய் சாகக் கூடாது என்ற ஆசை மனிதனுடையதுதான். அந்த ஆசையை வைத்துக்கொண்டே தாயைக் கொன்றுகொண்டிருந்தோமே, அதற்கு ஹியூம் என்ன செய்வார்? அணுகுண்டைத் தந்ததும் அறிவியல்தானே என்றும் ஒரு குரல் வந்தது. குண்டு வெடித்தால் கதிர்வீச்சு யாரை, எத்தனை ஆண்டு வாட்டும் என்று சொன்னதும் அறிவியல்தான். மேலே போகிறேன், நேரம் இல்லை.

சிரித்தது போதும், கடைசியாக ஒன்று. 1980கள் வரைக்கும், பச்சிளங் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும்போது பல இடங்களில் போதிய வலிமருந்து கொடுக்கவில்லை. நரம்பு இன்னும் வளரவில்லை, வலி தெரியாது என்று நம்பினார்கள். பிஞ்சு உடம்பு மருந்தைத் தாங்காது என்றும் பயந்தார்கள். அசையாமல் இருக்க மருந்து உண்டு. வலிக்காமல் இருக்கப் போதிய மருந்து இல்லை. அழக்கூட முடியாமல் கிடந்தன அந்தக் குழந்தைகள்.

1987-இல் ஆனந்த் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சைக்கு ஆளான குறைமாதக் குழந்தைகளின் இரத்தத்தில், உடம்பு தவிக்கும்போது கூடும் ஹார்மோன்களை அளந்தார்கள். போதிய வலிமருந்து பெறாத குழந்தைகளின் உடம்பு கடுமையாகத் தவித்திருந்தது. மருந்து பெற்றவை நன்றாகத் தேறின. ஆமாம் ஐயா, கருவியை வைத்துத்தான் அளந்தார்கள்! வாய் இல்லாத குழந்தையிடம் வேறு எப்படிக் கேட்பது?

கதவுக்கு வெளியே அந்தக் குழந்தையின் தாய் நின்றிருப்பாளே. உள்ளே நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று நம்பித்தானே பிள்ளையைக் கையில் கொடுத்தாள்? அவர்களும் நல்லவர்கள்தானே? எதிரணித் தலைவர் அடுத்து எழுந்து வரும்போது எனக்குப் பதில் சொல்ல வேண்டாம். அந்தத் தாயிடம் போய், உன் பிள்ளைக்கு வலித்ததா என்று அளந்து பார்த்தது வேண்டாத வேலை என்று சொல்லட்டும். சொல்ல முடிந்தால் தீர்ப்பை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.