ஆயாவின் அம்மன் தட்டு

(டிசம்பர் 7, கொடி நாளன்று எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் பேசியது. நடுவில் கரண்ட் போன பத்து நிமிஷத்தை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதைப் பேசியபடியே எழுதியிருக்கிறேன்.)

மேடையில் வீற்றிருக்கும் தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, துணைத்தலைவர் அவர்களே, இரண்டு பஸ் மாறி இந்த வெயிலில் வந்திருக்கிற சுபேதார் மேஜர் ஐயா அவர்களே, 1971-ல் சண்டை பார்த்து வந்து இன்றைக்கும் விடிகாலை நாலரைக்கு ஏரிக்கரையில் நடக்கிற ஹவில்தார் அண்ணன் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத்துப் பெரியவர்களே, காசு வாங்க மாட்டேன் என்று பந்தல் போட்டுக் கொடுத்த தம்பி, காசு வாங்கிக்கொண்டு மைக்செட் போட்ட தம்பி, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். போன வருஷம் சங்கத்துப் பொருளாளரை விட்டுவிட்டேன், அவர் இன்னும் என் வீட்டில் காபி குடிப்பதில்லை. பொருளாளர் அவர்களே, தங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

மூன்று விஷயம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கொடி நாள் எதற்கு, நம் ஊரில் பட்டாளத்துக்குப் போய் உயிர் விட்டவர்கள் யார், பிள்ளைகள் ராணுவத்தில் சேர என்ன செய்ய வேண்டும். முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1949-லிருந்து வருஷா வருஷம் டிசம்பர் 7 கொடி நாள். சட்டையில் சின்னக் கொடி குத்திவிட்டு உண்டியல் நீட்டுகிறார்களே, அந்தக் காசு போரில் செத்தவர் குடும்பத்துக்கும் கைகால் இழந்து வந்தவர்களுக்கும் முன்னாள் வீரர்களுக்கும் போகிறது. சில்லறை தேடாதீர்கள், நோட்டாகப் போடுங்கள். அவ்வளவுதான்.

இரண்டாவதுக்கு வருகிறேன். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். பின்வரிசையில் என்னிடம் படித்தவர்கள் சிரிக்கிறீர்கள், தெரிகிறது. 29 வருஷம் இந்தப் பள்ளியில் சரித்திரம் நடத்தினேன், அசோகனுக்கும் இதைத்தான் சொன்னேன், அக்பருக்கும் இதைத்தான் சொன்னேன். இன்றைக்கும் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

நம் பழைய சாவடிச் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறது. எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கை தூக்குங்கள். ஏழு, எட்டு. சரி. மற்றவர்கள் மேல் தப்பில்லை, அதன் மேல் எப்போதும் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கும், அது கிழிந்தால் காதணி விழா போஸ்டர். பசையைச் சுரண்டிப் பார்த்தால் இங்கிலீஷில் வெட்டியிருக்கிறது: இந்த ஊரிலிருந்து 23 பேர் 1914-1919 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 4 பேர் உயிர் கொடுத்தார்கள். அந்த நாள் சென்னை மாகாணத்தில் இதே வாசகத்தை வைத்து, எண்ணை மட்டும் மாற்றி, ஊர் ஊராகக் கல் பதித்தான் வெள்ளைக்காரன். நாலு பேர் என்றால் எந்த நாலு பேர்? எழுதவில்லை. சாயங்காலம் பட்டியில் ஆட்டை எண்ணி அடைக்கிற மாதிரி எண்ணிவிட்டுப் போய்விட்டான்.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். பஸ்ரா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், இராக்கில் இருக்கிறது, அப்போது மெசபடோமியா என்பார்கள். மதராஸ் சாப்பர்ஸ், கர்நாட்டிக் காலாட்படை என்று நம் பக்கத்து ஆட்கள் நிறையப் போன இடம். அங்கே செத்து, புதைத்த இடமும் தெரியாமல் போனவர்களுக்காக ஒரு பெரிய நினைவுச்சின்னம் கட்டினார்கள். மொத்தம் 40,000-க்கும் மேல் ஆட்கள். அதில் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் வெட்டியிருக்கிறது. இந்தியரில் அதிகாரியாக இருந்தால் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாயா? இன்ன படையில் இத்தனை பேர், முடிந்தது. சதாம் உசேன் காலத்தில், 1997-ல், அந்தச் சின்னத்தையே பெயர்த்துக்கொண்டுபோய்ப் பாலைவனத்துச் சாலையோரம் வைத்துவிட்டார்கள், அது வேறு கதை. போர்க் கல்லறைகளைப் பார்த்துக்கொள்கிற காமன்வெல்த் ஆணையமே 2021-ல்தான் தப்பு நடந்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்டது. நூறு வருஷம் ஆகியிருக்கிறது ஐயா. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். சிப்பாய்க்கு இருந்தபோது ஒரு நம்பர், இறந்தபோது ஒரு கூட்டல் கணக்கு.

இதையே நம் முன்னோர் எப்படிச் செய்தார்கள் தெரியுமா? செங்கம் பக்கம் எடுத்தனூர் என்று ஓர் ஊர். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல், சுமார் 1400 வருஷத்துப் பழசு. சண்டையில் செத்தவன் கருந்தேவக்கத்தி என்று பெயர் எழுதியிருக்கிறது. அதோடு விட்டானா? பக்கத்தில் அவன் நாயைச் செதுக்கி, அதன் பெயர் கோவிவன், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுதியிருக்கிறான். நாய்க்குப் பெயர்! பிள்ளைகளே, இதை மட்டும் வீட்டில் போய்ச் சொல்லுங்கள், மற்றதை மறந்தாலும் பரவாயில்லை.

இப்போது அந்தத் தட்டு விஷயம். ஊரில் பாதிப்பேருக்குத் தெரியும், மீதிப்பேர் தப்பாகத் தெரிந்து வைத்திருக்கிறீர்கள், அதனால் முழுசாகச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகும் நான் சனிக்கிழமை தோறும் பள்ளிக்கு வந்து உட்கார்ந்துவிடுவேன். தலைமை ஆசிரியை அம்மா பொறுத்துக்கொள்கிறார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டில் இருக்கிற பழைய பொருள் ஒன்று கொண்டுவாருங்கள், ஆளுக்கொரு கதை எழுதலாம் என்றேன். ஒருத்தி பாக்குவெட்டி கொண்டுவந்தாள். ஒருவன் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் கொண்டுவந்தான். ஒருவன் அவன் அப்பாவையே கூட்டிக்கொண்டு வந்தான், அவர் பொருளைத் தனியாக அனுப்ப மாட்டாராம், எச்.எம்.டி. வாட்ச். கடைசியாக ஒரு பையன் தினத்தாளில் சுற்றி ஒரு தட்டு கொண்டுவந்தான். உள்ளங்கையை விரித்தால் அதற்குள் அடங்கிவிடும், வெண்கலம், நல்ல கனம். நடுவில் குங்குமம் காய்ந்து கெட்டியாக இருந்தது. “சார், சாயங்காலம் விளக்கு வைக்கிறதுக்குள்ள திருப்பிக் கொண்டாந்துடணும்னு ஆயா சொன்னாங்க. இது எங்க வீட்டு அம்மன்” என்றான்.

வாங்கிப் பார்த்தேன். பெண் உருவம்தான். கையில் சூலம். பக்கத்தில் சிங்கம். சரி, அம்மன்தான் போல என்று திருப்பிக் கொடுக்கப் போனவன், தலையைப் பார்த்தேன், இரும்புத் தொப்பி மாதிரி ஒன்று. அவளைச் சுற்றி இரண்டு மீன். ஏண்டா, அம்மனுக்கு ஏதுடா மீன் என்றேன். பையன் யோசிக்கவே இல்லை. “மீனாட்சி சார்.”

சிரியுங்கள், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே விளிம்பைப் பார்க்கிறேன், சுற்றிலும் இங்கிலீஷ் எழுத்து தேய்ந்து கிடக்கிறது. சுதந்திரத்துக்காகவும் மானத்துக்காகவும் உயிர் விட்டான் என்று அர்த்தம். யாருடைய சுதந்திரத்துக்கு சார் என்று இன்னொரு பையன் கேட்டான். நல்ல கேள்வி, போர் முடிந்த அடுத்த வருஷமே ஜாலியன்வாலாபாக், அதற்குள் போனால் இங்கேயே விடிந்துவிடும். முதல் உலகப்போரில் செத்த சிப்பாய்களின் வீடுகளுக்குப் பிரிட்டிஷ் சர்க்கார் அனுப்பிய தட்டு அது. அந்தப் பொம்பளை பிரிட்டானியா, அவர்கள் நாட்டுக்குப் பெண் உருவம் கொடுத்தது. மீன் என்றோமே, அது டால்பின். ஆளுக்கு ஒரு தட்டு, அதில் அவனவன் பெயர் புடைப்பாக வார்த்திருக்கும், பெயர் மட்டும்தான், பதவி கிடையாது, கர்னலுக்கும் கூலிக்கும் ஒரே மாதிரி.

பெயர் இருக்கிற கட்டம் குங்குமத்தில் மூடிக் கிடந்தது. ஈரத்துணியால் துடைத்தேன், முதல் மூன்று எழுத்துக்கு மேல் ஓடவில்லை. காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பீர்களே, அதே மாதிரி அந்தப் பையனே தேய்த்தான். எழுத்து ஒவ்வொன்றாக மேலே வந்தது. வகுப்பில் சத்தமே இல்லை, இந்தப் பள்ளியில் அப்படி ஓர் அமைதியை நான் பரீட்சை ஹாலில் கூடப் பார்த்ததில்லை.

சாயங்காலம் தட்டோடு ஆயா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். இது உங்களுக்கு எப்படி வந்தது என்றேன். “எங்க மாமியார் குடுத்தது சார். வெள்ளிக்கிழமை புளி போட்டுத் தேய்ச்சு விளக்கு வெப்பேன். ஆடி அமாவாசைக்குப் படையல்.” என்ன படைப்பீர்கள்? “வடை, பாயசம், கருவாட்டுக் குழம்பு. அப்புறம் ஒரு சுருட்டு.” அம்மனுக்கு எதுக்கம்மா சுருட்டு? ஆயா கடலையைக் கீழே வைத்தார். “தெரியலையே சார். மாமியார் வெச்சாங்க, நானும் வெக்கிறேன். அம்மனுக்குக் கருவாடு ஆகுமான்னு கூட நான் கேட்டதில்லை.”

அமாவாசைக்குப் படையல், கருவாடு, சுருட்டு. வீட்டில் செத்துப்போன ஆம்பிளைக்கு, அவனுக்குப் பிடித்ததை வைத்துப் படைக்கிற படையல் ஐயா அது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு வீட்டில், பெயர் மறந்துவிட்டது, முகம் மறந்துவிட்டது, அவன் சுருட்டுக் குடிப்பான் என்பதை மட்டும் மாமியார் மருமகளுக்குச் சொல்லி, அந்த மருமகள் அடுத்த மருமகளுக்குச் சொல்லி, நூறு வருஷம் விடாமல் கொடுத்துவிட்டார்கள்.

விஷயத்தைச் சொன்னேன். “எங்க மாமனாரோட அப்பா பஸ்ராவுக்குப் போனவர் திரும்பலன்னு சொல்வாங்க. அவரா?” என்றார். ஆமாம் என்றதும் சட்டென்று காலை மடக்கி எழுந்து தூண் ஓரமாக நின்றுகொண்டார். “இத்தினி நாளா மாமனாரைப் பெத்தவர் எதிர்ல காலை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேனே சார்.” பெயரைப் படிக்கட்டுமா என்றேன். படியுங்கள் என்றார். பிறகு நீங்களே சொல்லுங்கள் பார்ப்போம் என்று ஒரு ஆசையில் கேட்டுவிட்டேன். தலையை ஆட்டினார். “நான் இந்த வீட்டு மருமக. அந்தப் பேரை என் வாயால சொல்லக் கூடாது. பையன் சொல்லட்டும்.”

ஊராட்சித் தலைவர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார், பார்க்கட்டும், அவரிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நடுகல் வைப்பதைத் தொல்காப்பியம் ஆறு படியாகச் சொல்கிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேடிப் பார்த்து, நாள் குறித்து எடுத்து வந்து, நீராட்டி, நட்டு, படையல் போட்டு, வாழ்த்த வேண்டும். நடுதல் நாலாவதுதான் பாருங்கள். நாம் என்ன செய்கிறோம், நட்டுவிட்டு ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். ஆயா ஐந்தாவது படியைத் தெரியாமலே செய்து வந்திருக்கிறார். ஆறாவதுக்குப் பெயர் வேண்டும், பெயர் தெரியாமல் யாரை வாழ்த்துவது?

சுதந்திரத்துக்குப் பிறகு உயிர் விட்டவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. டில்லியில் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில் 25,000-க்கும் மேல் பெயர் கருங்கல்லில் ஆளுக்கொன்றாக இருக்கிறது. கார்கில் சண்டையில், படாலிக் மலையில் 1999 மே 29-ல் விழுந்து, ஒரு மாதத்துக்கும் மேல் பனியிலேயே உடல் கிடந்த மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவுச்சின்னம் இருக்கிறது. கல்வானில் 2020 ஜூனில் செத்த 20 பேரில் ஒருவரான ராமநாதபுரம் கடுக்கலூர் பழனியையும், ஷோபியானில் 2014-ல் உயிர் விட்ட முகுந்த் வரதராஜனையும் இந்தப் பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், கையில் போன் இருக்கிறது. சாவடிச் சுவரில் இருக்கிற நாலு பேருக்குத்தான் யாரும் இல்லை.

அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. வருகிற ஜனவரி 26 கிராம சபையில் ஒரு தீர்மானம். சாவடிக் கல்லின் மேல் இனி போஸ்டர் ஒட்டக் கூடாது. அதன் கீழே இன்னொரு கல், நாலு வரி இடம் விட்டு, தமிழில். முதல் வரியில் எழுதப் பெயர் தயார். மற்ற மூன்றையும் இந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தேடட்டும். உங்கள் வீட்டுப் பரண், டிரங்குப் பெட்டி, பூஜை அலமாரி எல்லாவற்றையும் திறந்து காட்டுங்கள். மெடல் இருக்கலாம், பென்ஷன் காகிதம் இருக்கலாம், வெண்கல அம்மன் இருக்கலாம். அந்தக் காமன்வெல்த் ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம், நாங்கள் தேடினோம், ஒரே பெயரில் ஏகப்பட்ட பேர் வருகிறார்கள், அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் பொருந்துகிறதா என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும், அதற்குப் பிள்ளைகளின் கண்தான் லாயக்கு. செலவு எவ்வளவு ஆகும் என்று பொருளாளர் கேட்பார். கல்லுக்கும் கூலிக்கும் நான் தருகிறேன். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், என் பென்ஷனில் அவ்வளவு தாங்கும்.

மூன்றாவது விஷயம் ராணுவத்தில் சேருவது பற்றி. அதைச் சுபேதார் மேஜர் ஐயா என்னைவிட நன்றாகச் சொல்வார், கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் இருக்கிற ஊர் பக்கத்திலேயே இருக்கும்போது நான் என்ன சொல்வது. ஒன்று மட்டும், காலையில் ஓடுங்கள், பல்லைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு நேரம் நான் அந்தப் பெயரைச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? ஆயா முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், சொன்னால் கோபித்துக்கொள்வார். கண்ணு, மேலே வா. தட்டைக் கொண்டுவந்திருக்கிறாயா? அந்தப் பென்சில் தாளையும் எடுத்துக்கொள். மைக்செட் தம்பி, கொஞ்சம் இறக்கிக் கொடு, அவனுக்கு எட்டாது. சத்தமாகப் படி, சாவடி வரைக்கும் கேட்கட்டும்.