டிராக்டருக்கு ஜி.பி.எஸ். மாட்டியாச்சு, அப்புறம்?

எல்லோருக்கும் வணக்கம். சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணம் பக்கம் சின்னதாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். டைனமோ, செல்ஃப் மோட்டார், லைட் வயரிங், இதுதான் வேலை. கொஞ்ச வருடமாக டிராக்டருக்கு, வண்டி எங்கே இருக்கிறது என்று போனில் காட்டுகிற ஜி.பி.எஸ். டிராக்கரும் மாட்டிக் கொடுக்கிறேன். டிராக்டர் திருட்டைப் பற்றிப் பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். பேசுகிறேன், ஆனால் என் சித்தப்பா டிராக்டரில் நான் செய்த தப்பைச் சொல்லாமல் ஆரம்பித்தால் அது நியாயமாக இருக்காது.

சித்தப்பாவுக்கு வாழப்பாடி பக்கம் கொஞ்சம் பாக்குத் தோப்பு, மிச்சம் குச்சிக்கிழங்கு. டிராக்டர் எப்போதும் களத்துமேட்டில்தான் நிற்கும். ஒரு தீபாவளி நேரத்தில் நானே போய் டிராக்கர் மாட்டி, சிம் போட்டு, அவர் போனில் ஆப்பை இறக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவரும் ஒரு மாதம் டீக்கடையில் எல்லோருக்கும் காட்டினார், 'பாரு, என் வண்டி இப்ப எங்க நிக்குது பாரு' என்று. அப்புறம் மறந்துவிட்டார், நானும் மறந்துவிட்டேன். அடுத்த ஆடியில் ஒரு விடியற்காலை போன் வந்தது, வண்டியைக் காணோம் என்று. அதற்கென்ன சித்தப்பா, ஆப்பைத் திறங்கள் என்றேன் ரொம்பத் தைரியமாக. திறந்தார். புள்ளி களத்துமேட்டிலேயே நிற்கிறது. கீழே சின்ன எழுத்தில், கடைசியாகத் தகவல் வந்து 41 நாள் ஆகிறது என்று போட்டிருக்கிறது.

சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்து 41 நாள் ஆகியிருக்கிறது. முடியப்போகிறது என்று வந்த செய்தியெல்லாம் எங்கே போனது? பட்டறை மேஜை டிராயரில் கிடந்த என் பழைய போனுக்கு. மாட்டும்போது அந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். வண்டி மூன்றாம் நாள் ஓர் ஏரிக்கரைத் தைல மரத் தோப்பில் கிடைத்தது, பேட்டரி இல்லாமல். டேங்கில் டீசல் கம்மியாக இருந்ததால் அதற்கு மேல் ஓட்ட முடியவில்லை போல. டீசல் ஊற்றாமல் விட்ட சித்தப்பாவின் சோம்பேறித்தனம் காப்பாற்றியது, என் கருவி காப்பாற்றவில்லை.

டிராக்கர் என்பதில் இரண்டு வேலை இருக்கிறது. வானத்தில் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் குறைந்தது 4 அதன் கண்ணில் பட்டால் தான் எங்கே இருக்கிறோம் என்று அது கணக்குப் போட்டுக்கொள்ளும். அதோடு செயற்கைக்கோளின் வேலை முடிந்தது, அது உங்களுக்கு எதையும் அனுப்பாது. கண்டுபிடித்த இடத்தை உங்கள் போனுக்குச் சேர்ப்பது உள்ளே இருக்கிற சிம். ஆக, டவர் இல்லை என்றாலும் ரீசார்ஜ் இல்லை என்றாலும் கருவிக்குத் தான் இருக்கும் இடம் நன்றாகத் தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது. விலை குறைந்த கருவிகள் பல 2ஜியில் மட்டும் வேலை செய்பவை. அதில் ஜியோ சிம்மைப் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று கொண்டுவருகிறார்கள், ஜியோவில் 2ஜியே கிடையாது. வாங்கும்போது 4ஜி கருவியா என்று கேளுங்கள். இயந்திரங்களுக்கென்றே 13 இலக்க எண்ணோடு தனி சிம் இருக்கிறது, கருவியோடு ஒரு வருடத்துக்குச் சேர்த்தே கொடுப்பார்கள், அதுவும் நல்லது. ஆனால் அந்த ஒரு வருடம் எந்த மாதம் முடிகிறது என்று பனைவெல்ல டப்பாவிலாவது எழுதி ஒட்டுங்கள்.

அடுத்தது எங்கே மாட்டுவது. நிறைய பேர் பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே கட்டிவிடுகிறார்கள், வயர் மிச்சம் ஆகும் என்று. திருட வருகிறவன் முதலில் கை வைக்கிற இடமே பேட்டரிதான். நான் மீட்டர் போர்டுக்குப் பின்னால் வைப்பேன். மேலே பிளாஸ்டிக், சிக்னல் தடைபடாது, கைவிட்டால் உடனே அகப்படவும் செய்யாது. பானெட்டுக்கு அடியில் முழுக்க இரும்பு, அங்கே வைத்தால் வானம் தெரியாது. உள்ளே தனியாகச் சின்ன பேட்டரி இருக்கிற கருவியாக வாங்கினால், பெரிய பேட்டரியைக் கழற்றின நிமிஷமே 'கரண்ட் துண்டிக்கப்பட்டது' என்று செய்தி வரும். எனக்குத் தெரிந்து அதில் உருப்படியான எச்சரிக்கை அதுதான்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். டிராக்கர் சும்மா நிற்கும்போதும் கொஞ்சம் கரண்ட் இழுக்கும். 20 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு அரை ஆம்பியர் ஹவர், 2 மாதத்தில் கிட்டத்தட்ட 30. உங்கள் பேட்டரி 75 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. மழை இல்லாமல் வண்டியை மூடிப் போட்டு வைத்திருந்து, உழவுக்கு எடுக்கும்போது ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் திட்டுவது என்னைத்தான். 10 நாளைக்கு ஒரு தரம் ஸ்டார்ட் செய்து கால் மணி நேரமாவது ஓட விடுங்கள்.

இப்போது ஏற்காட்டுக்கு வருகிறேன், அங்கே விஷயமே வேறு. காபித் தோட்டத்துக்குள் சில்வர் ஓக் நிழலில் புள்ளி கொஞ்சம் தள்ளித் தள்ளிக் காட்டும், பரவாயில்லை. டவர் கிடைக்காத பள்ளங்கள்தான் தொந்தரவு. நல்ல கருவியாக இருந்தால் சிக்னல் இல்லாத நேரத்தில் போன வழியை உள்ளேயே எழுதி வைத்துக்கொண்டு டவர் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும். அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஆனால் மலைக்காரர்களுக்கு ஒரு சாதகம் உண்டு, சமவெளியில் எங்களுக்கு அது கிடையாது. வாழப்பாடியில் ஒரு டிராக்டர் காணாமல் போனால் எட்டுத் திசையில் எதில் போனது என்று தெரியாது. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க முக்கியமான பாதை இரண்டுதான், 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிற அடிவாரம் ரோடு ஒன்று, குப்பனூர் ரோடு ஒன்று. ஆப்பில் எல்லை போடுகிற வசதி இருக்கும், அந்த எல்லையைத் தாண்டினால் மணி அடிக்கும். தோட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள், அது சரி. அதோடு இந்த இரண்டு ரோட்டிலும் டவர் நன்றாகக் கிடைக்கிற இடமாகப் பார்த்து ரோட்டுக்கு ஒரு வட்டம் போடுங்கள். தோட்டத்துக்குள் தவறவிட்டாலும் இறங்கும்போது அகப்படும்.

இன்னொன்று, மலைக்கென்றே இருக்கிற சங்கதி. ரிலே என்கிற சின்ன மின் சுவிட்சை வைத்து, போனிலிருந்து இன்ஜினை நிறுத்தலாம் என்று விற்கிறார்கள். காருக்குச் சரி. நம் பழைய டீசல் டிராக்டரில் பம்பு மெக்கானிக்கல், நிறுத்துவதற்கு ஒரு கம்பியை இழுப்போம், இன்ஜின் ஓடுவதற்குக் கரண்டே வேண்டாம். ரிலே அதில் செல்ஃப் எடுப்பதை மட்டும்தான் தடுக்கும். சமவெளியில் அதுவே பெரிய தடை. மலையில்? பிரேக்கை விட்டு இறக்கத்தில் உருட்டி, கியரைப் போட்டு கிளட்சை விட்டால் ஸ்டார்ட் ஆகிவிடும். அதனால் இறக்கத்தைப் பார்த்து நிறுத்தாதீர்கள், பின்னால் சுவரோ மேடோ இருக்கிற மாதிரி நிறுத்தி, சக்கரத்துக்குச் சங்கிலியும் போடுங்கள். சாவியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பழைய மாடல்களில் ஒரு வண்டிச் சாவி இன்னொரு வண்டிக்குச் சேரும், ஊரில் எல்லோருக்கும் தெரியும், திருடனுக்குத் தெரியாதா? பேட்டரி லைனில் கட் ஆஃப் சுவிட்ச் ஒன்று மறைவாகப் போட்டுக்கொள்ளலாம், செலவு குறைவு. டிராக்கர் வயரை மட்டும் சுவிட்சுக்கு முன்னாலேயே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் நீங்கள் சுவிட்சை அணைத்ததும் அதன் உள் பேட்டரி தீர்ந்து அதுவும் தூங்கிவிடும்.

பிரஷ் கட்டர், மரம் அறுக்கும் மெஷின், மருந்தடிக்கும் மெஷின், இதெல்லாம் டிராக்டரைவிட அதிகமாகத் தொலைகிறது, கைக்கு அடக்கமாக இருப்பதால். இதற்குச் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய அளவில் புளூடூத் டேக் வருகிறது, ஆப்பிள் ஏர்டேக் 2021-இல் வந்தது, இப்போது ஆண்ட்ராய்டுக்கும் நிறைய இருக்கிறது. இதில் சிம்மும் இல்லை, ஜி.பி.எஸ்ஸும் இல்லை. பக்கத்தில் போகிற யாரோ ஒருவருடைய போன் அதைப் பார்த்து இடத்தைச் சொல்லும், அவ்வளவுதான். ஆளே இல்லாத காபித் தோட்டத்தில் அதை யார் பார்ப்பது? சேலம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் பேசும், நாகலூர் பக்கம் புதருக்குள் கிடந்தால் பேசாது. அதுவும் போக, தெரியாத டேக் ஒன்று கூடவே வருகிறது என்று திருடனின் போனுக்கே எச்சரிக்கை போகும், ஒருத்தரை ஒருத்தர் வேவு பார்க்கக்கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். சின்ன மெஷினுக்கு நான் சொல்வது பழைய வழி: கைப்பிடியிலும் இன்ஜின் அடியிலும் உங்கள் பெயரின் முதல் எழுத்தைப் பொறித்துவிடுங்கள். ரோட்டவேட்டர், கொத்துக் கலப்பை என்றால் வெல்டிங்கிலேயே எழுதலாம். அடையாளம் இருக்கிற பொருளை எடைக்கு வாங்கப் பழைய இரும்புக் கடைக்காரர் யோசிப்பார்.

அதிர்ச்சி உணர்கிற அலாரத்தை ரொம்ப நுணுக்கமாக வைக்காதீர்கள். ஒரு தோட்டத்து மேஸ்திரி நடுராத்திரி அலாரம் கேட்டு நாலு பேரோடு கம்பை எடுத்துக்கொண்டு போனாராம், டிரைலரில் முதுகு தேய்த்துக்கொண்டு நின்றது காட்டெருமை. போன வேகத்தைவிடத் திரும்பிய வேகம் அதிகம் என்றார். அப்படி நாலு தரம் ஆனால் யாராக இருந்தாலும் சத்தத்தை அணைத்துவிட்டுத் தூங்குவார்கள், ஐந்தாவது தரம்தான் உண்மையாக இருக்கும்.

சரி, வண்டி போய்விட்டது, போனில் புள்ளி நகர்கிறது. நீங்களே பின்னால் துரத்திப் போகாதீர்கள். 112-ஐ அழையுங்கள், அந்தப் புள்ளியின் லிங்கை காவல் நிலையத்துக்கு அனுப்புங்கள், வீட்டில் ஒருவர் ஆப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி திருட்டு எந்த நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். மின்னஞ்சல் மாதிரி வழியில் அனுப்பினாலும் எடுத்துக்கொள்ள வேண்டும், 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் தகட்டைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்திருந்தால் அந்த நேரத்தில் தேடி அலைய வேண்டாம். ஆர்.சி. புத்தகத்தை டூல் பாக்ஸில் வைத்திருப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், தயவுசெய்து இன்றைக்கே எடுத்து வீட்டில் வையுங்கள்.

இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் திருட்டுக்குக் காசு வராது, முழுப் பாலிசி வேண்டும். கம்பெனிக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள். தாமதமாகச் சொன்னதால் பணம் கிடையாது என்று மறுத்த வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது, அதுவும் ஒரு டிராக்டர்தான். திருட்டு நடந்த அன்றே எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தார்கள், கம்பெனிக்குச் சொன்னது ஒன்றரை மாதத்துக்கு மேல் கழித்து. போலீஸில் உடனே சொல்லியிருக்கும்போது கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டி மறுக்க முடியாது என்று 2020 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. இருந்தாலும் கோர்ட் வரை போகிற பொறுமை நம்மில் யாருக்கு இருக்கிறது?

சித்தப்பா டிராக்டரில் இப்போது புது சிம், நம்பர் அவருடையது. அமாவாசைக்கு அமாவாசை வண்டிக்குப் பூசை போட்டு எலுமிச்சம்பழம் மாற்றுகிற வழக்கம் அவருக்கு உண்டு. அந்த நேரத்திலேயே ஆப்பையும் திறந்து தகவல் எப்போது வந்தது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். போன அமாவாசைக்குப் பதறிப்போய்க் கூப்பிட்டார். 'டேய் தம்பி, புள்ளி பக்கத்துத் தோட்டத்துல நிக்குதுடா.' வண்டி எங்கே சித்தப்பா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. 'உழவுக்கு நான்தான்டா குடுத்தேன்' என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.