தாத்தாவோட பினாங்குப் பெட்டியும் அஞ்சு நாள் பயணமும்: ஒரு நேயர் கேள்விக்குப் பதில்

வணக்கம். இன்னைக்கு சந்தேகங்களுக்கு விளக்கம் சொல்ற நாள். நிறைய கேள்வி வந்திருக்கு. ஆனா ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கப் போறேன், ஏன்னா அதுக்குள்ளேயே நாலு கேள்வி இருக்கு. கும்பகோணம் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. படிக்கிறேன்.

"எங்க தாத்தா பினாங்குல இருபது வருஷம் இருந்துட்டு ஊர் திரும்பினவர். அவர் கொண்டுவந்த டிரங்குப் பெட்டி இன்னும் எங்க வீட்டுல இருக்கு. உள்ளே அவர் போட்டோ ரெண்டு, சில கடுதாசி, பழைய ரூபா நோட்டு, ஒரு பித்தளை வெத்தலைப் பெட்டி. ஒரு கடுதாசில 'தண்ணிமலைக்குப் போய்வந்தேன்'னு எழுதியிருக்கார், அது எங்கேன்னு யாருக்கும் தெரியல. அப்பாவுக்கு எழுபது வயசாகுது, அவரை ஒரு தடவை பினாங்கு கூட்டிட்டுப் போகணும். டிராவல்ஸ்ல அஞ்சு நாள்ல கோலாலம்பூர், லங்காவி, பினாங்கு, சிங்கப்பூர் நாலும் காட்டறோம்ங்கிறாங்க. போதுமா? பெட்டியில உள்ளதைக் கையோட எடுத்துட்டுப் போகலாமா?"

அஞ்சு நாள் போதும்மா. தாராளமாப் போதும். ஆனா அஞ்சு நாளும் பினாங்குலயே இருக்கணும். மத்த மூணு ஊரையும் அடிச்சுடுங்க. ரெட்டைக் கோபுரத்தை அப்பா போன்லயே பார்த்துக்கட்டும்.

ஏன் இவ்வளவு கறாராச் சொல்றேன்னா, நானே சூடுபட்ட ஆள். எங்க அம்மா வழித் தாத்தாவும் பினாங்குல இருந்தவர்தான். முதல் தடவை நான் போனது இதே மாதிரி ஒரு பேக்கேஜ்ல. பினாங்குக்கு ஒதுக்கினது ஒரே ஒரு மத்தியானம். தாத்தா இருந்தது பினாங்குத் தெருன்னு அம்மா சொல்லியிருந்தாங்க. டிரைவர்கிட்ட சொன்னேன், கொண்டுபோய் விட்டார். வெயில்ல ஒன்றரை மணி நேரம் நின்னு, ஒவ்வொரு கடையா போட்டோ எடுத்து, கண்ணெல்லாம் கலங்கி, வீட்டுக்கு அனுப்பிவெச்சேன். அப்புறம்தான் தெரியுது, நான் நின்னது பினாங்கு ரோடு. பினாங்குத் தெரு வேற. ரோடுன்னா ஜலான் பினாங், தெருன்னா லெபோ பினாங். ரெண்டுக்கும் நடுவுல பதினஞ்சு நிமிஷ நடை. வேற யாரோ ஒருத்தர் தாத்தா இருந்த தெருவுல நான் உருகிட்டு வந்திருக்கேன்!

சரி, பெட்டிக்கு வருவோம்.

முதல்ல அந்த வெத்தலைப் பெட்டி. அதை எடுத்துட்டுப் போகாதீங்க. நம்ம நாட்டுல 1972-ல வந்த தொல்பொருள் சட்டம் ஒண்ணு இருக்கு. நூறு வருஷத்துக்கு மேல பழசான கலைப்பொருளை அனுமதி இல்லாம நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. கையெழுத்துச் சுவடி மாதிரி ஆவணம்னா எழுபத்தஞ்சு வருஷம். உங்க பெட்டி அவ்வளவு பழசா இல்லாமலும் இருக்கலாம். ஆனா ஏர்போர்ட்ல, விடியக்காலம் மூணு மணிக்கு, அதை எப்படி நிரூபிப்பீங்க? பழம்பொருள் இல்லைன்னு தொல்லியல் துறையில சான்று வாங்கலாம், அதுக்கு அலையணும். எதுக்கு? அது வீட்டுலயே இருக்கட்டும். நகையும் அப்படித்தான். பாட்டி சங்கிலியைப் போட்டுக்கிட்டுத்தான் போவேன்னு அடம்பிடிச்சா, போகும்போதே இங்க கஸ்டம்ஸ்ல காட்டி ஒரு சான்று வாங்கிக்கோங்க. இல்லேன்னா திரும்பி வரும்போது 'இது அங்க வாங்கினதா'ன்னு கேப்பாங்க.

எடுத்துட்டுப் போகவேண்டியது போட்டோவும் கடுதாசியும். அதுலயும் அசல் வேண்டாம். நல்லா ஸ்கேன் பண்ணி, அசல் எந்த அளவோ அதே அளவுக்கு, கொஞ்சம் கெட்டி பேப்பர்ல பிரிண்ட் போட்டு எடுத்துக்கோங்க. போன்ல காட்டினா போதாதான்னு கேப்பீங்க. போதாது. எண்பது வயசு ஆள்கிட்ட போனை நீட்டினா அவர் விரல் பட்டு வேற எங்கேயோ போயிடும். பேப்பரைக் கையில குடுத்தா வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, மூக்குக்கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு பார்ப்பார். அந்த ரெண்டு நிமிஷத்துக்காகத்தான் நாம போறதே. பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்க, மறக்காதீங்க. ஸ்டூடியோல எடுத்த படம்னா பின்னாடி முத்திரை இருக்க வாய்ப்பு உண்டு, தெருப் பேரோட.

இப்போ அந்த நோட்டு. தங்கச்சி "பழைய ரூபா நோட்டு"ன்னு எழுதியிருக்காங்க. அதை வெளிய எடுத்துப் பாருங்க. மேல இங்கிலீஷ்ல ஜப்பானிய அரசாங்கம்னு போட்டிருந்தா, அது ஜப்பான்காரன் காலத்து நோட்டு. 1941 டிசம்பர்ல பினாங்கு மேல குண்டு போட்டுப் பிடிச்சாங்க, 1945 வரைக்கும் அவங்க கைலதான் இருந்தது. அவங்க அடிச்ச பத்து டாலர் நோட்டுல தார் தொங்கற வாழைமரம் இருக்கும். சனங்க அதை வாழைமர நோட்டுன்னே சொன்னாங்க. போர் முடிஞ்ச அன்னைக்கே அது வெத்துக் காகிதம். பெட்டி நிறையச் சேர்த்துவெச்சவங்க கதி என்னன்னு நினைச்சுப் பாருங்க. உங்க தாத்தா அதை எறியாம ஊர் வரைக்கும் கொண்டுவந்திருக்கார்னா, அதுக்கு அவர்கிட்ட ஒரு காரணம் இருந்திருக்கும்.

அதுல இன்னொரு விஷயம். நோட்டுல சின்னதா எழுத்து அடிச்சிருக்கும். முதல் எழுத்து 'எம்'னா மலாயா, 'பி'ன்னா பர்மா. மலாயா நோட்டு டாலர்ல இருக்கும், அதைத்தான் நம்ம ஆளுங்க வெள்ளிம்பாங்க. பர்மா நோட்டுதான் ரூபாய்ல இருக்கும். நீங்க ரூபான்னு சும்மா பேச்சுவாக்குல எழுதினீங்களா, இல்ல நோட்டுலயே அப்படித்தான் போட்டிருக்கான்னு பாருங்க. பர்மாவா இருந்தா, தாத்தா சொல்லாத ஒரு ரங்கூன் கதை அந்தப் பெட்டிக்குள்ள இருக்கலாம்!

கடுதாசிக்கு வருவோம். தண்ணிமலை. இதைப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, ஏன்னா பினாங்குத் தமிழருக்கு இதைவிடத் தெரிஞ்ச இடம் கிடையாது. தண்ணீர்மலை. இங்கிலீஷ்ல வாட்டர்ஃபால் ரோடு, மலாய்ல ஜலான் கெபுன் பூங்கா. அங்கதான் முருகன் கோயில். அடிவாரத்துல நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் 1857-ல கட்டின தண்டாயுதபாணி கோயில் இருக்கு. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பினாங்குத் தெருக் கோயில் வீட்டுல இருந்து கிளம்பி அங்கதான் போகும். கடுதாசில தேதி இருந்தா பாருங்க, தை மாசமா இருந்தா தாத்தா பூசத்துக்குப் போயிருக்கார்னு கிட்டத்தட்ட முடிவே பண்ணிடலாம். ஆனா மலை மேல இப்போ நிக்கிற பெரிய கோயில் 2012-ல வந்தது, தாத்தா பார்த்தது அது இல்ல. ஐநூத்திப் பதிமூணு படி வேற. அப்பாவை அடிவாரக் கோயில் மண்டபத்துல உக்கார வைங்க, போதும்.

கடுதாசில தெருப் பேர் இருந்தா தனியாக் குறிச்சுக்கோங்க. அங்க தெருவுக்கெல்லாம் இப்போ மலாய்ப் பேர்தான். சர்ச் ஸ்ட்ரீட்டுன்னு இருந்தா இப்போ லெபோ கெரேஜா. பீச் ஸ்ட்ரீட் லெபோ பந்தாய். மார்க்கெட் ஸ்ட்ரீட் லெபோ பாசார். பிட் ஸ்ட்ரீட்தான் அடியோட மாறிடுச்சு, ஜலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். 1801-ல தொடங்கின கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அந்தத் தெருவுலதான். அங்கேயிருந்து கொஞ்ச தூரம் நடந்தா குயீன் தெரு மகாமாரியம்மன் கோயில், 1833. தாத்தா எந்தக் கடையில வேலை பார்த்திருந்தாலும் இந்தப் பக்கம் அவர் கால் படாம இருந்திருக்காது.

ஊர் ரொம்பப் பெருசோன்னு பயப்படாதீங்க. பினாங்கோட பழைய நகரம்தான் ஜார்ஜ் டவுன். அதையும் மலாக்காவையும் சேர்த்து 2008-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல போட்டாங்க. அதுல ஜார்ஜ் டவுனோட மையப் பகுதி 109 ஹெக்டேர். ஏக்கர்ல சொன்னா 270. நம்ம ஊர்ப்பக்கம் ஒரு சின்ன கிராமத்து நஞ்சை அவ்வளவு வரும். அதை அஞ்சு நாள் நடக்கலாம், எழுபது வயசுக்காரரும் நடக்கலாம். கடை வாசல்ல எல்லாம் அஞ்சடி அகலத்துக்குக் கூரை போட்ட நடை இருக்கும், காக்கி லீமாம்பாங்க. வெயிலும் படாது, மழையும் படாது. ஆனா கடைக்குக் கடை தரை ஏறி இறங்கும், சில இடத்துல சாமானை அடுக்கி வழியை அடைச்சிருப்பாங்க. கையைப் பிடிச்சுக்கோங்க.

எப்படிப் போறது? சென்னையில இருந்து நேரா விமானம் 2024 டிசம்பர்ல தொடங்கினாங்க, நீங்க போற சமயத்துல அட்டவணையைப் பார்த்துக்கோங்க. ஆனா நான் சொல்ற வழி வேற. கோலாலம்பூர்ல இறங்கி, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில இருக்கிற பட்டர்வொர்த்துக்கு ரயில் ஏறுங்க, நாலு மணி நேரம் சுமாருக்கு. அங்க ரயிலை விட்டு இறங்கினா பக்கத்துலயே ஃபெர்ரி. கால் மணி நேரம் கடல். தாத்தா வந்ததும் கடல் வழியாத்தானே. நாகப்பட்டினத்துல ரஜூலா ஏறி வந்திருப்பார். 1926-ல கட்டின கப்பல், 1973 வரைக்கும் இந்த வழியில ஓடுச்சு. டெக்குல பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டு நாள்கணக்கா வந்த ஆளுக்கு இந்த ஊர் முதல்ல எப்படித் தெரிஞ்சிருக்கும்? பின்னாடி மலை, முன்னாடி தாழ்வா ஓட்டு வீடுங்க. இப்போ உசரக் கட்டடமெல்லாம் வந்துடுச்சு, ஆனா மலை அதே மலைதான். அப்பாவை ஃபெர்ரியில முன்பக்கமா நிக்க வைங்க. நீங்க எதுவும் பேசாதீங்க.

இன்னொண்ணு, கடை அப்படியே இருக்கும்னு நினைச்சுட்டுப் போகாதீங்க. அங்க வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்னு ஒண்ணு இருந்தது. தலைமுறை தலைமுறையா சொற்ப வாடகைக்கு சனங்க குடியிருந்தாங்க, கடை வெச்சிருந்தாங்க. 2000-ம் வருஷம் பிறக்கும்போது அதை எடுத்துட்டாங்க. வாடகை ஏறிடுச்சு, பழைய ஆளுங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. இப்போ பாதிக் கடை காபிக் கடையும் ஓட்டலும்தான். கட்டடத்தைக் காப்பாத்தினாங்க சரி, உள்ளே இருந்த மனுஷங்களை விட்டுட்டாங்களேன்னு எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு.

ரெண்டாம் தடவை அம்மாவையும் கூட்டிக்கிட்டு ஏழு நாள் போனேன், பினாங்கு மட்டும். தாத்தா ஒரு கடை வாசல்ல நிக்கிற போட்டோ, அவருக்குப் பின்னாடி தூண்ல சீன எழுத்துல ஒரு பலகை. ஐம்பது வருஷமா எங்க வீட்டுச் சுவத்துல தொங்கற படம், ஒருத்தரும் அந்தப் பலகையைப் பார்த்ததில்ல. எல்லாரும் முகத்தைத்தான் பார்த்தோம். முதல் மூணு நாள் நம்ம ஆளுங்க கடையாத் தேடித்தேடிக் காட்டினேன். அன்பாப் பேசுவாங்க, "பசியாறிட்டீங்களா"ன்னு கேப்பாங்க, ஆனா முகம் தெரியலம்பாங்க. எப்படித் தெரியும்? நாலாம் நாள் காபி குடிக்கிற இடத்துல மேசைமேல போட்டோவை வெச்சிருந்தேன். கப்பை எடுக்க வந்த சீன அம்மா குனிஞ்சு பார்த்தாங்க. தாத்தாவைப் பார்க்கவே இல்ல. பலகை மேல விரலை வெச்சு வாசிச்சாங்க. மருந்துக் கடைன்னாங்க. ஒரு துண்டுச்சீட்டுல எழுதிக் குடுத்து, பக்கத்துச் சந்துல ஒரு பெரியவரைப் போய்ப் பாருன்னாங்க.

அந்தப் பெரியவர் எங்களை நடத்தியே கூட்டிட்டுப் போனார். ரெண்டு வாசல் காட்டினார். இதுல ஒண்ணுதான், எதுன்னு எனக்கே மறந்துபோச்சுன்னார். ஒண்ணு பூட்டிக்கிடக்கு. இன்னொண்ணு காபிக் கடை. அதோட வாசல்ல பழைய பூக்கல் தரை, நடக்குற இடம் மட்டும் தேய்ஞ்சு பூவே தெரியல. எங்க அம்மா செருப்பைக் கழட்டிட்டு அதுல நின்னாங்க. அது அந்த வாசல்தானான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அம்மா கேக்கவும் இல்ல.

அதனால தங்கச்சி, உங்க போட்டோவை முதல்ல பூதக்கண்ணாடி வெச்சு முகத்தைத் தவிர மத்த எல்லாத்தையும் பாருங்க. தூண், பலகை, தரை, பக்கத்துல நிக்கிற சைக்கிள். ஸ்டூடியோப் படம்னா பின்னாடி இருக்கிற திரை வரைஞ்சது, அதை நம்பித் தேடாதீங்க.

கடைசியா, அங்க இருந்து பெட்டிக்குள்ள வைக்க என்ன கொண்டுவரலாம்னு நீங்க கேக்கல, நானே சொல்றேன். காந்தம் ஒட்டின பொம்மையெல்லாம் வேண்டாம். நான் அந்தக் காபிக் கடை ரசீதைக் கொண்டுவந்து தாத்தா கடுதாசிக்கு நடுவுல பத்திரமா வெச்சேன். ரெண்டு வருஷம் கழிச்சு எடுத்துப் பார்த்தா வெள்ளைத்தாள். சூட்டுல அச்சடிக்கிற பேப்பராம், மை கிடையாது, தானா அழிஞ்சிடும். தாத்தா கடுதாசி மட்டும் அப்படியே இருக்கு. அதனால ஒரு பென்சில் எடுத்துட்டுப் போங்க. தெருப் பேர், கதவு நம்பர், தேதி, அப்பா அன்னைக்கு என்ன சொன்னார், எல்லாத்தையும் சாதாரணத் தாள்ல எழுதி மடிச்சு உள்ள வைங்க. முடிஞ்சா அப்பா கையாலயே எழுதச் சொல்லுங்க.