வரப்புத் தகராறில் ஒரு பிணம்

எல்லோருக்கும் வணக்கம்.

"நமக்குள் என்ன வாய்க்கால் வரப்புத் தகராறா?" என்று பேச்சுவாக்கில் கேட்கிறோம் இல்லையா? அப்படிக் கேட்கிறவர், பலர் ஆளுக்குச் சில பாத்தி எடுத்துப் பயிர் வைக்கும் ஒரு சமூகத் தோட்டத்தில் நாலு பாத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். அங்கே இருப்பதே வாய்க்காலும் வரப்பும்தான். உங்கள் பந்தல் என் செடிகளுக்கு வெயிலை மறைக்கிறது. என் முறை நேரத்தில் நீங்கள் குழாயைத் திறந்துவிட்டீர்கள். நான் வெளியூர் போய்வந்த ஒரு வாரத்தில் வரப்பு ஒரு சாண் நகர்ந்திருக்கிறது. இது இரண்டு மூன்று பருவம் மனசுக்குள் கிடந்து புளித்தால் போதும், கதாசிரியர் கொலைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இந்த மாதிரித் துப்பறியும் கதைகளை 'கோஸி மிஸ்டரி' என்கிறார்கள். கொலை உண்டு, ரத்தம் நம் கண்ணில் படாது. துப்பறிகிறவர் பெரும்பாலும் போலீஸ்காரர் இல்லை, அக்கம்பக்கத்து ஆள். இடம் சின்னது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். "களை பிடுங்குகிற இடத்தில் கொலையா?" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நிஜ வழக்கைச் சொல்கிறேன்.

பிரிட்டனில், வேல்ஸ் எல்லையில் ஹே-ஆன்-வை என்று ஒரு சிற்றூர். அங்கே ஹெர்பர்ட் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற வக்கீல். 1921 பிப்ரவரியில் அவர் மனைவி இறந்தார். நோய் என்று நினைத்துப் புதைத்துவிட்டார்கள். அதே ஊரில் தொழில் போட்டிக்கு இன்னொரு வக்கீல். அந்த அக்டோபரில் ஆர்ம்ஸ்ட்ராங் அவரைத் தேநீருக்கு அழைத்து, "கையால் கொடுக்கிறேன், மன்னிக்கவும்" என்று ஸ்கோன் என்கிற சின்ன ரொட்டி ஒன்றை எடுத்து நீட்டினார். விருந்தாளிக்கு அன்று ராத்திரியே வாந்தி. முதலில் சந்தேகப்பட்டது யார் தெரியுமா? விருந்தாளியின் மாமனார். அந்த ஊர் மருந்துக்கடைக்காரர் அவர்தான். களைக்கு என்று சொல்லி ஆர்ம்ஸ்ட்ராங் ஆர்செனிக் என்ற விஷத்தை வாங்கியது அவர் கடையில்தான்!

டிசம்பர் 31 அன்று கைது செய்தபோது சட்டைப் பையில் ஒரு பொட்டலம் ஆர்செனிக் இருந்தது. எதற்கு என்றால், தோட்டத்து டேன்டிலையன் களைக்கு என்றார். மனைவியின் உடலைத் தோண்டி எடுத்துப் பார்த்தால் அதிலும் ஆர்செனிக். அவரோ இருபது பொட்டலம் கட்டினாராம், செடிக்கு ஒன்று. பத்தொன்பதை வேரில் கொட்டியாகிவிட்டது, பையில் இருந்தது மிச்சம் என்றார். நீதிபதி விடவில்லை. குழி தோண்டி டப்பாவிலிருந்தே கொட்டாமல், செடிக்கொரு பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தது ஏன் என்று கேட்டார். மண்ணில் கை வைத்த எவனும் கேட்கிற கேள்வி அது. சரியான பதில் வரவில்லை. மனைவியைக் கொன்றதற்காக 1922 மே 31 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள்.

நான் சொல்லவந்ததும் அந்தக் கேள்வியைத்தான். தோட்டத்துக் கொலையைத் தோட்ட வேலை தெரிந்தவன்தான் அவிழ்க்க வேண்டும். பல கதைகளில் தோட்டம் வெறும் திரைச்சீலை. பிணத்தைத் தூக்கிச் சமையலறையில் போட்டாலும் கதை அப்படியே ஓடும். எனக்கு அதில் ருசி இல்லை. யாரும் கேள்விப்படாத புது விஷத்தைக் கொண்டுவரக் கூடாது என்று ஆங்கில எழுத்தாளர் ரோனால்ட் நாக்ஸ் 1929இலேயே துப்பறியும் கதைக்கு விதி எழுதிவிட்டார். புது விஷம் எதற்கு? வேலியில் படரும் செங்காந்தளே போதும். அதன் கிழங்கைச் சாப்பிடுகிற கிழங்கு என்று நினைத்துத் தின்றவர்கள் உண்டு. அதிலிருக்கும் கோல்சிசின் என்ற நஞ்சு உடனே காட்டிக்கொடுக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் வயிறு கலங்கும், சாவுக்கு நாட்கள்கூட ஆகலாம். கொலையாளி அதற்குள் ஊர் தாண்டியிருப்பான்.

அப்புறம், என் மனசில் கொஞ்ச நாளாக ஒரு கதை ஓடுகிறது. எழுதவில்லை, உங்களிடம் சொல்லிவிடுகிறேன். தோட்டச் சங்கத் தலைவர் உரக்குவியல் மேல் செத்துக் கிடக்கிறார். உடம்பில் இன்னும் சூடு இருப்பதால் செத்து ஒரு மணி நேரம்தான் என்கிறார்கள். அந்த நேரத்தில் எல்லோரும் கூட்டத்தில் இருந்தார்கள். அங்கே ஒரு கிழவி, முப்பது வருஷமாகக் கீரை போடுகிறவள், குவியலுக்குள் கையை விட்டுப் பார்க்கிறாள். கொதிக்கிறது. நன்றாக வேலை செய்யும் உரக்குவியலின் உள்ளே 60 டிகிரி செல்சியஸ்கூட ஏறும். ஆனால் இது மாசக்கணக்கில் யாரும் தொடாமல் ஆறிப்போன குவியல். கிளறிவிட்டுக் காற்றுப் புகுந்தால்தான் இப்படி மறுபடி சூடேறும். அப்படியானால் இரண்டு மூன்று நாள் முன்பே யாரோ அதைக் கிளறிவைத்து, பிணத்தை ஆறாமல் காக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

கிழவி ஒன்றும் பேசாமல் எல்லோருக்கும் ஒரு கட்டுக் கீரை கொடுக்கிறாள், வாங்க நீளும் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே. தோட்டக்காரர்களின் கைகளில் காய்ப்பு. பொருளாளர் கையில் மட்டும் கொப்புளம்.