ஆப்பிள் டிவி ஆப்: டெம்ப்ளேட் இருந்தால் எவ்வளவு வேலை மிச்சம்?

[திரையில்: படங்களின் வரிசை. ஃபோகஸ் ஒவ்வொன்றாக நகர்கிறது]

போனில் விரல் இருக்கிறது, கணினியில் மவுஸ் இருக்கிறது. டிவி பார்ப்பவரோ தள்ளி சோபாவில் சாய்ந்திருக்கிறார்; கையில் ரிமோட் மட்டும்தான். இப்போது ஃபோகஸ், அதாவது ரிமோட்டின் தேர்வு, எந்தப் படத்தில் நிற்கிறது, வலது பக்கம் தள்ளினால் எதற்குப் போகும்? டிவி ஆப் எழுதுபவருக்குப் பாதித் தலைவலி இதுதான்.

2015-ல் ஆப்பிள் டிவி பெட்டியின் இயங்குதளமான டிவிஓஎஸ் வந்தபோது, ஆப்பிள் கூடவே டிவிஎம்எல் என்ற ஒன்றையும் கொடுத்தது. பக்க அமைப்புகள் டெம்ப்ளேட்டுகளாகத் தயாராக இருக்கும். என்ன காட்ட வேண்டும் என்பதை எக்ஸ்எம்எல்லில், அதாவது குறிச்சொற்கள் போட்ட உரையாக, எழுதிக் கொடுத்தால் போதும்.

[திரையில்: கேட்டலாக் டெம்ப்ளேட்]

இதைப் பாருங்கள். இடது பக்கம் ஆக்‌ஷன், நகைச்சுவை, குழந்தைகள் என்று ஒரு பட்டியல். ஃபோகஸ் நகர நகர, வலது பக்கம் போஸ்டர்கள் மாறுகின்றன. போஸ்டரும் தலைப்பும் சேர்ந்த ஒரு துண்டுக்கு லாக்கப் என்று பெயர். ஃபோகஸ் வந்ததும் போஸ்டர் சற்றுப் பெரிதாகி மேலெழும்புகிறதே, அதற்கு நாம் ஒரு வரி கூட எழுதவில்லை. ஒரு படத்தின் கதைச்சுருக்கம், நடிகர்கள், பிளே பொத்தான் எல்லாம் வேண்டுமா? அதற்கு ப்ராடக்ட் டெம்ப்ளேட். தேடலுக்குத் தனியாக ஒன்று உண்டு, கீபோர்டோடு.

[திரையில்: சர்வரிலிருந்து டிவிக்கு அம்புக்குறி]

ஆப்புக்குள் இருப்பது ஆப்பிளின் நிரல் மொழியான ஸ்விஃப்ட்டில் கொஞ்சம் கோடு மட்டும். அது சர்வரில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை எடுத்து ஓட்டும். அந்த ஜாவாஸ்கிரிப்ட் எக்ஸ்எம்எல்லைத் தயாரித்துப் பக்கம் பக்கமாக அடுக்கும். தீபாவளிக்கு முகப்பில் புதிதாக ஒரு வரிசை சேர்க்க வேண்டுமா? சர்வரில் மாற்றினால் முடிந்தது, புதிய பதிப்பை ஆப் ஸ்டோருக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டாம்.

“அந்தப் பொத்தானை இன்னும் கொஞ்சம் மேலே தள்ள முடியுமா?” என்று வாடிக்கையாளர் கேட்டால் மட்டும் கையை விரிக்க வேண்டியதுதான். பொத்தானின் இடம் டெம்ப்ளேட்டின் முடிவு. என்னைக் கேட்டால், அதனாலேயே பல ஆப்கள் பிழைத்தன.

[திரையில்: டிவிஓஎஸ் 18]

சரி, இப்போதும் இதைக் கற்கலாமா? வேண்டாம். 2024-ல் வந்த டிவிஓஎஸ் 18-லிருந்து ஆப்பிள் இதைக் கைவிடும் பட்டியலில் வைத்துவிட்டது. திரைகளைக் கோடில் கட்ட ஆப்பிள் தரும் ஸ்விஃப்ட்யூஐக்கு மாறச் சொல்கிறது. அதில் டெம்ப்ளேட் கிடையாது, நாமே கட்ட வேண்டும். கிடைமட்ட ஸ்க்ரோல்வியூவுக்குள், அதாவது பக்கவாட்டில் நகரும் பகுதிக்குள், போஸ்டர்களைப் பொத்தான்களாக அடுக்கி, பார்டர்லெஸ் பட்டன் ஸ்டைல் கொடுத்தால் அதே மேலெழும்பல் வந்துவிடும்.

ஆனால் பெரிதாகும் போஸ்டரின் மேல் ஓரம் வெட்டுப்பட்டுத் தெரியும். ஸ்க்ரோல்வியூ தன் எல்லைக்கு வெளியே போவதை மறைத்துவிடுவதுதான் காரணம். ஸ்க்ரோல்வியூவுக்கு ஸ்க்ரோல் கிளிப் டிஸேபிள்டு என்ற மாடிஃபையரை (அந்த மறைப்பை நிறுத்தும் ஒரு வரிக் கட்டளை) சேருங்கள், சரியாகிவிடும்.